வாஷ்பேசின் பின்னால் இடைவெளி: சாரல் காலத்தில் சிலிக்கான் அடிக்கலாமா?

மாடிவீடு, செங்கோட்டை:

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் வழியில் எங்கள் வீடு. மாடி பாத்ரூமில் சுவரில் மாட்டிய செராமிக் வாஷ்பேசின் இருக்கிறது. அதன் பின்விளிம்புக்கும் டைல்ஸுக்கும் நடுவே வீடு கட்டும்போதே ஒயிட் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அது விரிசல் விட்டுத் துண்டு துண்டாகக் கொட்டிவிட்டது. போன வருடம் ஒருவர் வந்து மறுபடியும் ஒயிட் சிமெண்டே பூசிவிட்டுப் போனார், அதுவும் நிற்கவில்லை. இப்போது முகம் கழுவினால் தண்ணீர் பின்பக்கம் வழிந்து சுவரோடு இறங்கித் தரையில் தேங்குகிறது. மிச்சமிருக்கும் சிமெண்டின் மேல் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் படுக்கையறை. அங்கே பெயிண்ட் உப்பி உரிகிறது. அம்மாவுக்கு இளைப்பு உண்டு, பூஞ்சை வாடை கொஞ்சமும் ஆகாது. அதனால் இதை இனியும் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

டியூபில் வருகிற, காய்ந்தால் ரப்பர் மாதிரி ஆகிற சிலிக்கான் பசையை அடித்தால் நிற்கும் என்கிறார்கள். நானே செய்ய ஆசை. ஆனால் இங்கே சாரல் தொடங்கிவிட்டது, துவைத்த துணியே காய மாட்டேன் என்கிறது, இந்த ஈரத்தில் சிலிக்கான் ஒட்டுமா, இல்லை புரட்டாசி வரை காத்திருக்க வேண்டுமா? இருக்கிற ஒயிட் சிமெண்ட் மேலேயே அடிக்கலாமா? இன்னொன்று, இடைவெளி ஒரே அளவாக இல்லை. இடதுபக்கம் இரண்டு மி.மீ. கூட இருக்காது, வலதுபக்கம் விரல் நுழைகிற அளவுக்கு இருக்கிறது. கடையில் நூற்றைம்பதுக்கும் ஒரு டியூப் இருக்கிறது, ஐந்நூறுக்கும் இருக்கிறது, எதை வாங்குவது? கீழ்த்தளத்தில் கிரானைட் மேடையில் பதித்த இன்னொரு பேசினும் இருக்கிறது, அதற்கும் அதே டியூப் ஆகுமா?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

குழாய்வேலை, ஆரியங்காவு:

தம்பி, கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். நான் அந்தப் பக்கம் புனலூர் வரைக்கும் இந்தப் பக்கம் தென்காசி வரைக்கும் பிளம்பிங் வேலை பார்க்கிறவன். பேசின் ஓரம் ஒழுகுகிறது என்று கூப்பிடுகிற வீடுகளில் பல இடத்தில் ஒழுகல் ஓரத்தில் இருக்காது. பேசின் ஓட்டையில் மாட்டியிருக்கிற வேஸ்ட் கப்ளிங்கில் ரப்பர் வாஷர் காய்ந்து போயிருக்கும், அதற்குக் கீழே குடுவை மாதிரி இருக்கிற பாட்டில் டிராப்பின் நட்டு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் சுவரிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் விடுகிற சின்ன வால்வான ஆங்கிள் காக்கில் டெஃப்லான் டேப் சரியாகச் சுற்றாமல் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சொட்டு பைப்போடு ஓடிச் சுவரைத் தொட்டுவிட்டால் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே ஈரமாகத்தான் தெரியும்.

பேசினுக்கு அடியில் எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றுங்கள். முதலில் குழாயைத் திறக்காமலே கொஞ்ச நேரம் விடுங்கள். அப்போதே ஆங்கிள் காக் பக்கத்துப் பேப்பர் நனைந்தால் அது எப்போதும் அழுத்தத்தில் இருக்கிற லைன், ஓரத்து இடைவெளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம் பேசினை அடைத்து முக்கால்வாசி நிரப்பி நிற்க விடுங்கள், கப்ளிங் கசிந்தால் இப்போது தெரியும். பிறகு ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள், தண்ணீர் வேகமாக இறங்கும்போது டிராப்பில் கசிவு இருந்தால் வெளிவந்துவிடும். மூன்றிலும் பேப்பர் காய்ந்தே இருந்து, ஒரு குவளைத் தண்ணீரைப் பின்விளிம்பில் ஊற்றும்போது மட்டும் சுவர் நனைந்தால் உங்கள் கணக்கு சரி. யாரும் அந்த பாத்ரூமைப் பயன்படுத்தாத நாட்களிலும் அம்மாவின் அறைச் சுவரில் ஈரம் ஏறிக்கொண்டே இருந்தால் சுவருக்குள் போகிற பைப்பைத்தான் பார்க்க வேண்டும், அதற்கு எந்த டியூபும் உதவாது.

இரண்டாவது, பேசின் அசைகிறதா? முன்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மயிரிழை அளவு ஆட்டம் இருந்தாலும் ஒயிட் சிமெண்ட் விழத்தான் செய்யும், அதற்கு வளைந்து கொடுக்கிற குணம் கிடையாது. வலதுபக்கம் விரல் நுழைகிறது, இடதுபக்கம் ஒட்டியிருக்கிறது என்றால் எனக்கு போல்ட் மேல்தான் சந்தேகம். அடியில் கையை விட்டால் இரண்டு பக்கமும் பேசினைச் சுவரோடு பிடித்திருக்கிற ராக் போல்ட் இருக்கும், நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். பிளாஸ்டிக் வாஷர் இல்லாமல் இரும்பு நேராக செராமிக்கில் உட்கார்ந்திருந்தால் வாஷரைப் போட்ட பிறகே இறுக்க வேண்டும். பலம் முழுவதையும் காட்டினால் பேசின் விரிசல் விட்டுவிடும். நட்டைத் திருப்பும்போது போல்ட்டும் சேர்ந்து சுற்றினால் சுவருக்குள் பிடி போய்விட்டது என்று அர்த்தம், அப்போது நீங்களாகச் செய்யாதீர்கள், ஆள் வைத்துப் பேசினை இறக்கி மறுபடி துளை போட்டு மாட்டுவதுதான் வழி.

ஆட்டம் நின்ற பிறகு சிலிக்கானுக்கு வாருங்கள். மேல்விளிம்பிலும் இரண்டு பக்கவாட்டிலும் மட்டும் அடியுங்கள். அடிப்பக்கம் சுவரைத் தொடுகிற இடத்தை அடைக்காதீர்கள். நாளைக்கு எங்கேயாவது கசிந்தால் தண்ணீர் அடிவழியாக வெளியே வந்து கண்ணில் படட்டும். நாலு பக்கமும் அடைத்துவிட்டால் அது உள்ளேயே நின்று உங்கள் அம்மா அறைக்குத்தான் போகும்.

---

டீச்சரக்கா, களியக்காவிளை:

குழாய்வேலை அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இந்த வேலையை நான்தான் செய்கிறேன், அதனால் கை வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். சிலிக்கான் அடிக்கிறது பத்து நிமிட வேலை. பழையதை எடுத்துச் சுத்தம் பண்ணிக் காயவைப்பதுதான் உண்மையான வேலை, அதில் அவசரப்படுகிறவர்களுக்குத்தான் மூன்று மாதத்தில் ஓரம் உரிந்து நிற்கிறது.

ஒயிட் சிமெண்ட் மேலேயே அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அது ஏற்கெனவே பிடி விட்டுப் பொடிந்துகொண்டிருக்கிற பொருள், சிலிக்கான் அதைப் பிடித்துக்கொள்ளும், அது சுவரைப் பிடிக்காது, இரண்டும் சேர்ந்து கழன்று வரும். பழைய சிலிக்கான் இருந்தாலும் இதே கதைதான், இறுகிப்போன சிலிக்கான் மேல் புது சிலிக்கான் ஒட்டாது. ஆகவே முழுவதும் வர வேண்டும். சிமெண்டுக்குப் பழைய ஸ்க்ரூடிரைவரும் மெல்லிய பட்டித் தகடும் போதும், நகர்த்தி நகர்த்திச் சுரண்டுங்கள், சுத்தியலால் அடிக்க வேண்டாம், டைல்ஸ் ஓரம் தெறிக்கும். கடைசியில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தைப் பிளேடைச் சாய்த்துப் பிடித்து வழித்தெடுங்கள். பெயிண்ட் பிரஷ் ஒன்றால் இடைவெளிக்குள்ளே இருக்கிற பொடியைத் தட்டி எடுங்கள், முடிந்தால் வேக்குவம் கிளீனர் வையுங்கள்.

பூஞ்சைக்கு பிளீச் கரைசலைப் பஞ்சில் நனைத்து ஓரத்தில் பதித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் கறுப்பு வெளுக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். இங்கே ஒன்றை எல்லோரும் கவனிக்க வேண்டும். பிளீச் போட்ட இடத்தில் ஆசிட்டையோ டாய்லெட் கழுவுகிற திரவத்தையோ ஊற்றவே கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூமில் அது நல்ல ஆளையே சாய்த்துவிடும். உங்கள் அம்மாவுக்கு இளைப்பு என்கிறீர்கள், அதனால் அன்றைக்கு ஒரு நாள் அவர்கள் கீழ்த்தளத்தில் இருக்கட்டும், ஜன்னல், வெண்டிலேட்டர் எல்லாம் திறந்திருக்கட்டும்.

அலசிய பிறகு காயவைக்க வேண்டும், இதுதான் பொறுமையைச் சோதிக்கிற இடம். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் நிற்கும். ஒரு இரவு முழுக்கக் குழாயைத் திறக்காமல் டேபிள் ஃபேனை ஓரத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிடுங்கள். காலையில் ஒரு டிஷ்யூவை மடித்து இடைவெளிக்குள் விட்டு எடுங்கள், ஈரம் ஒட்டினால் இன்னும் நேரம் ஆகவில்லை. கடைசியாக மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு டைல்ஸையும் பேசின் விளிம்பையும் துடையுங்கள், சோப்புப் பிசுக்கு இருந்தால் சிலிக்கான் வழுக்கிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் மாஸ்கிங் டேப். டைல்ஸில் ஒரு கோடு, பேசினில் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவே தேவையான அகலம் விட்டு ஒட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஐந்தாறு மி.மீ. ஆவது சிலிக்கான் பிடிப்பதற்கு இடம் இருக்கட்டும், இடது ஓரத்தில் இடைவெளி சின்னது என்பதற்காக நூல் மாதிரி அடித்தால் அது உரிந்துவிடும். டியூபின் மூக்கை 45 டிகிரி சாய்வாக வெட்டுங்கள், ஓட்டை சின்னதாகவே இருக்கட்டும், போதவில்லை என்றால் அப்புறம் பெரிதாக்கிக்கொள்ளலாம். டியூபை மாட்டிப் பிதுக்குகிற கன்னை ஒரே சீராக அழுத்திக்கொண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நிறுத்தாமல் போங்கள். உடனே, காத்திருக்காமல், விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். விரல் ஒட்டாமல் இருக்கச் சிலர் சோப்புத் தண்ணீர் தொடுவார்கள், தொடலாம், ஆனால் அது விரலில் மட்டும் இருக்க வேண்டும், சிலிக்கான் இன்னும் போகாத இடத்தில் ஒரு சொட்டும் விழக் கூடாது. பத்து நிமிடத்துக்கெல்லாம் மேலே பாலாடை மாதிரி ஒரு படலம் கட்டும், அதற்கு முன்னாலேயே டேப்பைச் சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள். படலம் கட்டிய பிறகு டேப்பை எடுத்தால் ஓரமும் கூடவே கிழிந்து வரும், பிறகு கையை வைத்தால் இன்னும் கெடும்.

கையில் ஒட்டியதை முதலில் தண்ணீரில் கழுவாதீர்கள், காய்ந்த டிஷ்யூவால் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள். பக்கத்தில் ஒரு பழைய துணியும் குப்பைப் பையும் முன்கூட்டியே வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

---

டைல்ஸ்கடை, தென்காசி:

பொருளைப் பற்றி நான் சொல்கிறேன். கடையில் சும்மா சிலிக்கான் என்று கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் ஜிபி, அதாவது ஜெனரல் பர்ப்பஸ் சிலிக்கான், அது அசிட்டிக் வகை. டியூபைத் திறந்ததும் காடி வாடை அடிக்கும், இறுகும்போது அசிட்டிக் ஆசிட் வெளியேறுகிறது, அந்த வாடைதான் அது. கண்ணாடிக்கும் மெருகு உள்ள டைல்ஸுக்கும் செராமிக்குக்கும் இது நன்றாகவே பிடிக்கும். ஆனால் சிமெண்ட் பூச்சில் இதற்கு நல்ல பிடி கிடைக்காது, சிமெண்ட் காரம், இது அமிலம், சந்திக்கிற இடத்திலேயே ஒன்றோடொன்று வினைபுரிந்து பிடி விட்டுப்போகும். டீச்சரக்கா ஒயிட் சிமெண்டை முழுவதும் சுரண்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மார்பிளை இது அரிக்கும், பித்தளை, செம்பில் பச்சை பிடிக்க வைக்கும், முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சைத் தின்று கறுப்புப் புள்ளி விழ வைக்கும். பேசினுக்கு மேலே கண்ணாடி ஒட்டுவதற்கு மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொரு வகை நியூட்ரல். காடி வாடை இருக்காது, விலை கூடுதல். கல், உலோகம், சிமெண்ட், கண்ணாடிப் பின்பக்கம் எல்லாவற்றுக்கும் ஏற்றது. உங்கள் வீட்டில் அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு இருப்பதால் மாடிக்கும் நான் நியூட்ரலையே சொல்வேன், வாடை குறைவு என்பதற்காக ஜன்னலை மூடிவிடாதீர்கள், அதிலிருந்தும் ஆவி வரத்தான் செய்யும். கீழ்த்தளத்துக் கிரானைட்டுக்குக் கட்டாயம் நியூட்ரல்தான், அதிலும் இயற்கைக் கல்லுக்கு ஏற்றது என்று டியூபில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில சிலிக்கானில் இருக்கிற எண்ணெய் கல்லுக்குள் இறங்கி ஓரத்தில் ஈரம் பட்ட மாதிரி கறை நிற்கும், வெளிர் நிறக் கிரானைட்டில் அது நன்றாகவே தெரியும், எப்படித் துடைத்தாலும் போகாது. மறைவான ஓர் இடத்தில் சின்னதாக அடித்துச் சில நாள் விட்டுப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

அப்புறம் சானிட்டரி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதில் பூஞ்சைக்கு எதிரான மருந்து சேர்த்திருப்பார்கள். சாரல் ஊர்களுக்கு இது அவசியம் என்பது என் கருத்து, ஏனென்றால் நம் பக்கம் பாத்ரூம் ஆனி, ஆடியில் காய்வதே இல்லை. அதற்காக மருந்து காலத்துக்கும் நிற்காது, வாரத்துக்கு ஒருமுறை ஓரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தால்தான் கறுப்பு வராமல் இருக்கும்.

விலையைவிட முக்கியமாகத் தேதியைப் பாருங்கள். டியூபின் அடியிலோ பக்கவாட்டிலோ தயாரித்த மாதமும் எத்தனை மாதம் வரை என்பதும் இருக்கும், பல டியூபுகளுக்கு ஒரு வருடம்தான். காலாவதியானது பிதுங்கி வரும், பார்க்கப் புதுசாகவே இருக்கும், ஆனால் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும், அதைச் சுரண்டி எடுப்பது பெரிய பாடு. பெரிய டியூப் 280, 300 மில்லி அளவில் வரும், உங்கள் வீட்டு இரண்டு பேசினுக்கும் ஒன்றே போதும். வெள்ளைப் பேசினுக்கு வெள்ளை. நிறமில்லாதது வாங்க வேண்டாம் என்பேன், உள்ளே இருக்கிற அழுக்கும் கறையும் வெளியே தெரியும்.

பெயிண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சாதாரணச் சிலிக்கான் மேல் பெயிண்ட் நிற்காது. அம்மா அறைச் சுவரில் எதையும் சிலிக்கானால் அடைக்காதீர்கள், பிறகு பெயிண்டர் திட்டுவார்.

---

பழையவீடு, போடி:

எல்லோரும் ஒயிட் சிமெண்டைக் குறை சொல்கிறீர்கள். எங்கள் தாத்தா காலத்து வீட்டில் பேசின் ஓரத்தில் பூசிய ஒயிட் சிமெண்ட் இன்றைக்கும் விரிசலில்லாமல் நிற்கிறது. போடிமெட்டு மலையடிவாரம், எங்களுக்கும் ஈரக்காற்று உண்டு. சிலிக்கானை அடித்துவிட்டு நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை உரித்து உரித்து மாற்றுவதைவிட, நல்ல கொத்தனாரை வைத்து ஒரேயடியாகப் பூசுவது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. செலவும் குறைவு.

---

குழாய்வேலை, ஆரியங்காவு:

போடி அண்ணாச்சி, உங்கள் வீட்டில் அது நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பேசின்கள் சுவருக்குள் பதித்த இரும்புத் தாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கும், சுவரும் ஒன்றரைச் செங்கல் கனம் இருக்கும், யார் சாய்ந்து நின்றாலும் அசையாது. அசையாத இடத்தில் ஒயிட் சிமெண்ட் நிற்கும், அதை நான் மறுக்கவில்லை. இப்போது நான்கரை அங்குலச் சுவர், அதில் இரண்டு போல்ட், பிள்ளைகள் பேசினைப் பிடித்துக்கொண்டு எம்பிக் குதிக்கிறார்கள். அங்கே வளைந்து கொடுக்கிற பொருள்தான் தாக்குப்பிடிக்கும். எம்சீல் வைத்து அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் இறுகிப்போகிற பொருள்தான், அதை எடுக்கப்போனால் பேசினின் மெருகும் கூடவே பெயர்ந்து வரும்.

சிலிக்கானை மாற்ற வேண்டி வரும் என்பது உண்மை. உரித்து மாற்ற முடிகிறது என்பதையே நான் அதன் நல்ல குணமாகப் பார்க்கிறேன். கப்ளிங் மாற்றுவதற்குப் பேசினை இறக்க வேண்டியிருந்தால் பிளேடால் ஒரு கீறல் போட்டு எடுத்துவிடலாம், சுவரை உடைக்க வேண்டாம்.

---

மாடிவீடு, செங்கோட்டை:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் நன்றி. டிஷ்யூ வைத்துப் பார்த்தேன். இணைப்புகள் எல்லாம் காய்ந்தே இருக்கின்றன, பின்விளிம்பில் ஊற்றினால்தான் சுவர் நனைகிறது. பேசினில் ஆட்டம் இருந்தது, வலதுபக்கத்து நட்டு தளர்ந்திருக்கிறது. வாஷர் போட்டு இறுக்கியதில் ஆட்டம் நின்றுவிட்டது, இடைவெளியும் கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் வலது மூலையில் இன்னும் பென்சில் நுழைகிற அளவுக்கு இருக்கிறது. சுவரே அங்கே உள்வாங்கியிருக்கிறது போல.

இன்னும் மூன்று சந்தேகம். அந்த மூலையைச் சிலிக்கானாலேயே நிரப்பலாமா? சாரலைப் பற்றி யாரும் முடிவாகச் சொல்லவில்லையே, காத்திருக்கவா வேண்டாமா? அம்மா அறைச் சுவரை எப்போது பெயிண்ட் அடிக்கலாம்?

---

குழாய்வேலை, ஆரியங்காவு:

முழுவதும் சிலிக்கானால் நிரப்பாதீர்கள். சிலிக்கான் வெளியிலிருந்து உள்ளே இறுகிக்கொண்டு போகும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மி.மீ. தான். ஆழமாகத் திணித்தால் மேலே ரப்பராகிவிடும், உள்ளே பல நாள் களியாகவே இருக்கும். ஃபோம் ராடு என்று கேட்டால் கொடுப்பார்கள், இல்லையென்றால் பேக்கர் ராட் என்று கேளுங்கள், உருண்டையான ஃபோம் கயிறு. இடைவெளியைவிடச் சற்றுப் பருமனாக வாங்கி, கூர்மை இல்லாத குச்சியால் உள்ளே தள்ளுங்கள். மேலே ஐந்தாறு மி.மீ. பள்ளம் விட்டு நிறுத்தி அதில் சிலிக்கான் அடியுங்கள். ராடின் மேல் சிலிக்கான் ஒட்டாது, டைல்ஸையும் பேசினையும் மட்டும்தான் பிடிக்கும், அப்படி இரண்டு பக்கம் மட்டும் பிடித்திருந்தால்தான் அது இழுபடும்போது கிழியாமல் நீளும். துணியையோ பேப்பரையோ திணித்தால் அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு அழுகும்.

சாரலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிலிக்கான் காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது, வறண்ட காற்றைவிட நம் ஆடிக் காற்றில் அது நன்றாகவே இறுகும். கெடுப்பது ஒட்டுகிற இடத்தில் இருக்கிற ஈரம். டைல்ஸும் பேசினும் காய்ந்திருந்தால் வெளியே மழை கொட்டினாலும் அடிக்கலாம். சாரல் காலத்தில் காயவைக்கத்தான் பாடு, அதற்கு ஃபேன் மட்டும் போதாது. கடைசியில் தலை உலர்த்துகிற டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இடுக்கு முழுவதும் காட்டுங்கள். டைல்ஸ் சூடாக இருக்கும்போது ஸ்பிரிட் போடாதீர்கள், டிரையரை அணைத்து ஆறவிட்டுத் துடையுங்கள், ஸ்பிரிட் தீப்பிடிக்கிற பொருள். அது ஆவியான பிறகு அடியுங்கள்.

அடித்த பிறகு 24 மணி நேரம் அந்த பேசினில் தண்ணீர் படக் கூடாது, இந்தப் பருவத்தில் நான் இரண்டு நாள் விடச் சொல்வேன். வீட்டில் இன்னொரு பேசின் இருக்கிறது, பிறகென்ன, ஆங்கிள் காக்கை மூடிவிட்டால் யாரும் மறந்துகூடத் திறக்க முடியாது.

---

டைல்ஸ்கடை, தென்காசி:

சுவர் பெயிண்டுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சிலிக்கான் அடித்ததும் தண்ணீர் வரத்து நிற்கும், ஏற்கெனவே சுவருக்குள் இறங்கிய ஈரம் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். இப்போது உப்பியிருக்கிற பெயிண்டையும் பட்டியையும் சுரண்டிவிட்டு, வெள்ளையாகப் பூத்திருக்கிற உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுத்து, சுவரைத் திறந்தபடி விடுங்கள். சுரண்டும் அன்றும் அம்மா அந்த அறையில் இருக்க வேண்டாம், தூசியும் பூஞ்சையும் சேர்ந்து பறக்கும், நீங்களும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பீரோவை ஒரு முழம் தள்ளிப் போடுங்கள், காற்று போக வேண்டும். சாரல் முடிந்ததும் ஐப்பசி மழை வந்துவிடும், நடுவில் கிடைக்கிற வெயிலை நம்பிப் பெயிண்ட் அடித்தால் மறுபடி உப்பும். தை பிறந்த பிறகு அடியுங்கள். அதற்கு முன்பு ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள், தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

---

பழையவீடு, போடி:

ஆரியங்காவு அண்ணன் சொன்னது சரிதான், எங்கள் பேசினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், இரும்புத் தாங்கிதான் இருக்கிறது. புது வீட்டு பேசினுக்கு நியூட்ரல் டியூப் வாங்கப் போகிறேன்.

---

மாடிவீடு, செங்கோட்டை:

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று. மாடி பேசினை முடித்துவிட்டு, கிரானைட் பேசினுக்கு ஓரத்தில் சோதித்துப் பார்த்து அடிக்கச் சில நாள் ஆகும். அதுவரை திறந்த டியூபை எப்படி வைப்பது?

---

டீச்சரக்கா, களியக்காவிளை:

மூக்கின் நுனியில் கொஞ்சம் சிலிக்கானை வெளியே பிதுங்கவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், அது இறுகி மூடியாகிவிடும். அடுத்த முறை அந்த வாலைப் பிடித்து இழுத்தால் அடைப்போடு சேர்ந்து வந்துவிடும். வரவில்லையென்றால் மூக்குக்குள் நீளமான ஸ்க்ரூ ஒன்றைத் திருகி இழுங்கள், மூக்கு முழுவதும் இறுகிப்போயிருந்தால் அதைக் கழற்றிவிட்டு வேறு மூக்கு போட்டுக்கொள்ளலாம், கடையில் தனியாகவே கிடைக்கும். வெயில் படாத அலமாரியில் வையுங்கள், ஆனால் ஓரிரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், திறந்த டியூப் அதிக நாள் தாங்காது. கன்னின் பின்னால் இருக்கிற நெம்புத் தகட்டை அழுத்திக் கம்பியைப் பின்னால் இழுத்துத் தளர்த்திவிட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் குறையாமல் டியூப் கசிந்துகொண்டே இருக்கும். சோதனைக்கு அடிக்கிற துளியைக் கிரானைட்டின் அடிப்பக்கத்து விளிம்பில் அடியுங்கள், கறை விழுந்தாலும் யார் கண்ணிலும் படாது.